கோதுமைக்குள் கிடந்த புல்லின் கரி

1

1996 மார்ச் மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விதைக்காக வைத்திருந்த துரம் கோதுமையில் சில மணிகள் கருகியிருப்பது தெரியவந்தது. துரம் என்பது ரவைக்கும் பாஸ்தாவுக்கும் போகிற கெட்டிக் கோதுமை. கருகிய மணியை நசுக்கினால் கறுப்பாகத் தூள் கொட்டும், மீன் கவிச்சி அடிக்கும். தூளை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் சொன்ன பெயர், கர்னால் பண்ட். அந்த மாதம் முடிவதற்குள் அமெரிக்க வேளாண் துறை 'அசாதாரண அவசரநிலை' அறிவித்துவிட்டது.

கர்னால் என்றால் நம் ஹரியானாவில் இருக்கிற அதே கர்னால்தான். டெல்லியிலிருந்து சண்டிகர் போகிற வழியில் வரும் ஊர். ஓர் ஊரின் பெயர் இப்படி ஒரு நோயோடு ஒட்டிக்கொண்டு உலகம் முழுக்கத் துறைமுக ஆவணங்களில் சுற்றுவதை அந்த ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

நோயைப் பார்த்தால் அவ்வளவு பயங்கரமானதாகத் தெரியாது. ஒரு கதிரில் சில மணிகளைத்தான் பிடிக்கும், அவற்றிலும் பெரும்பாலும் ஒரு பகுதியை மட்டும்தான். விளைச்சல் பெரிதாகக் குறையாது. நூறில் மூன்று மணிக்கு மேல் கருகியிருந்தால் மாவில் நாற்றம் வந்துவிடும் என்பதுதான் முக்கியமான பிரச்சினை. மனிதருக்கு விஷமும் இல்லை. பிறகு எதற்கு அவசரநிலை?

வியாபாரம்தான் காரணம். அப்போது அமெரிக்கா விளைவித்த கோதுமையில் ஏறக்குறைய பாதி கப்பலேறி வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. வாங்குகிற நாடுகளில் பல, 'கர்னால் பண்ட் இல்லாத பகுதியில் விளைந்தது' என்று சான்றிதழ் கேட்டன. அப்படிக் கேட்கிற வழக்கத்துக்கு அமெரிக்காவும் ஒரு முன்னோடி. மெக்சிகோவில் இந்த நோய் இருக்கிறது என்று சொல்லி 1983 முதலே அந்த நாட்டுக் கோதுமைக்குத் தடை போட்டு வைத்திருந்தது. அண்டை வீட்டுக்காரனுக்குப் போட்ட சட்டம் இப்போது தன் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

அரிசோனாவும், நியூ மெக்சிகோ, டெக்சாஸ், கலிஃபோர்னியாவின் சில பகுதிகளும் குவாரண்டைனுக்குள் வந்தன. சந்தேகத்துக்குரிய விதை போட்ட வயல்கள் சில உழுது அழிக்கப்பட்டன. அறுவடை இயந்திரங்களை நீராவியாலும் ப்ளீச் கரைசலாலும் கழுவ வேண்டியிருந்தது. விற்க முடியாத கோதுமையை வைத்துக்கொண்டு விவசாயிகள் இழப்பீட்டுக்கு அலைந்தார்கள். எல்லாம் ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு கறுப்பு உருண்டைக்காக.

நான் எழுத வந்தது இந்த அவசரநிலையைப் பற்றி அல்ல. இதற்குப் பின்னால், இதே பதற்றத்தில், சற்றுத் தள்ளி வேறு மாநிலங்களில் நடந்த ஒன்றைப் பற்றி. அங்கே அகப்பட்ட கறுப்பு உருண்டைக்கு அப்போது பெயரே கிடையாது. பெயர் இல்லாததால் கர்னால் பண்ட் என்ற பெயர் அதன் மேல் விழுந்தது.

2

முதலில் இந்தக் கறுப்புத் தூளின் பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தானியக் கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கரி இருந்தால் நம் ஊரில் அதைக் கரிப்பூட்டை என்பார்கள். சோளம், கம்பு, கரும்பு எல்லாவற்றுக்கும் அந்த நோய் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்மட். அதிலேயே கோதுமை மணிக்குள் அடைபட்டு நாறுகிற வகைக்கு பண்ட் என்று பெயர். தூளில் இருப்பவை பூஞ்சையின் வித்துகள். பூஞ்சைக்கு விதை மாதிரி. தடித்த கறுப்புச் சுவருக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கக் கூடியவை.

இது தொற்றக் கூடியது என்பதை முறையாகச் சோதித்துக் காட்டியவர் மத்தியூ டில்லே என்ற பிரெஞ்சுக்காரர். விவசாயி இல்லை, தாவரவியல் பேராசிரியரும் இல்லை. த்ருவா நகரத்து நாணயச் சாலையின் இயக்குநர். கறுப்புத் தூள் தடவிய விதை, தடவாத விதை, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கழுவிய விதை என்று வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து விதைத்து, எதில் நோய் வருகிறது என்று எண்ணினார். முடிவுகளை 1755இல் புத்தகமாக வெளியிட்டார். அந்தக் காலத்துக்கு அது ஒழுங்கான ஏ/பி டெஸ்ட். தூளில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றுதான் அவர் நினைத்தார். அது உயிருள்ள ஒன்று, அதுவும் முளைக்கிறது என்பதை 1807இல் பெனெடிக்ட் ப்ரெவோ எழுதினார். 1847இல் துலான் சகோதரர்கள் இந்தப் பூஞ்சைப் பேரினத்துக்கு டில்லேஷியா என்று பெயர் வைத்தார்கள். நாணயச் சாலைக்காரர் பெயர் இப்படிப் பூஞ்சையில் நிலைத்தது.

கர்னால் இந்தக் கதைக்குள் வருவது 1930இல். அங்கே இருந்த ஆய்வு நிலையத்தின் கோதுமையில் புதுவிதமான பண்ட் கிடைத்தது. மனோரஞ்சன் மித்ரா அதை 1931இல் விவரித்து டில்லேஷியா இண்டிகா என்று பெயரிட்டார். வழக்கமான பண்ட் கதிர் முழுக்கப் பிடிக்கும், விதையோடு வரும். இது மணியின் ஓரத்தைக் கடிக்கிறது, பூக்கும் பருவத்தில் காற்றோடு வந்து தொற்றுகிறது. 1940இல் பி. பி. முந்த்கூர் இதை டில்லேஷியாவிலிருந்து எடுத்து நியோவோசியா என்ற வேறு பேரினத்தில் வைத்தார். இன்று பரவலாகப் புழங்குவது மித்ரா வைத்த பெயர்தான். தொண்ணூறு வருஷத்தில் ஒரு பூஞ்சைக்கு இரண்டு வீட்டு முகவரி.

இந்தப் பெயர்களையெல்லாம் எதை வைத்து முடிவு செய்தார்கள்? இரண்டே விஷயம். ஒன்று, நுண்ணோக்கியில் வித்து எப்படி இருக்கிறது: எத்தனை மைக்ரான், மேலே முள்ளா வலையா, என்ன நிறம். இன்னொன்று, எந்தச் செடியில் இருக்கிறது. இந்த இரண்டும் பெரும்பாலும் வேலைக்கு ஆகும். ஆனால் எப்போதும் இல்லை.

அதற்கு நம் ஊரிலிருந்தே சாட்சி இருக்கிறது. 1878இல் லண்டனில் இருந்த எம். சி. குக், திருநெல்வேலியிலிருந்து வந்த நெற்கதிர் மாதிரிகளைப் பார்த்தார். நெல்மணி இருக்க வேண்டிய இடத்தில் பச்சை கலந்த உருண்டைகள், தொட்டால் தூள். பார்க்க அச்சு அசலாகக் கரிப்பூட்டை. அதனால் உஸ்டிலாகோ வைரன்ஸ் என்று கரிப்பூட்டைக் குடும்பப் பெயரையே கொடுத்தார். நம் விவசாயிகள் நெற்பழம் என்றும் லட்சுமி நோய் என்றும் சொல்வது இதைத்தான். நல்ல விளைச்சல் ஆண்டில் வருவதால் லட்சுமி. அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ப்ரெஃபெல்டு என்ற ஜெர்மானியர் இதன் வித்து முளைக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, இது கரிப்பூட்டை மாதிரி இருக்கிறதே தவிர கரிப்பூட்டை இல்லை என்று தனியாக எடுத்து வைத்தார். பிற்பாடு வந்த டிஎன்ஏ ஆய்வுகள், இது எர்காட் பூஞ்சையின் உறவுக்காரன் என்று காட்டின. உண்மையான கரிப்பூட்டைகள் குடைக்காளான் இருக்கிற பெரும் பிரிவில் வருகின்றன. நெற்பழம் இன்னொரு பெரும் பிரிவு. இரண்டும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்னமும் 'பொய்க் கரிப்பூட்டை' என்றே இருக்கிறது.

ஆக, ஒரே மாதிரி இருப்பவை உறவாக இருக்க வேண்டியதில்லை. இது எளிதான பாடம். அமெரிக்காவில் வந்த சிக்கல் இதைவிடக் கஷ்டமானது. அங்கே ஒரே மாதிரி இருந்தவை உண்மையாகவே நெருங்கிய உறவுகள்.

3

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் உள்ளே இழுக்கிறேன்.

மென்பொருளில் எனக்கு அடிக்கடி வாய்க்கிற வேலைகளில் ஒன்று, ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது. கேட்க எளிதாக இருக்கும். தமிழ்ப் பெயர்களை வைத்துச் செய்து பாருங்கள், தெரியும். எஸ். முருகன், முருகன் எஸ், முருகன் சுப்பையா, சு. முருகன். நான்கும் ஒருவரா, நான்கு பேரா? பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிறந்த தேதி, தொலைபேசி எண், முகவரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். எந்தத் தகவலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்தால் எல்லோரும் ஒருவர். கைரேகை பார்த்தால் இரட்டையர்கூட வேறு வேறு.

இதில் எங்களுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த ஓர் ஆபத்து உண்டு. 'இருப்பவற்றில் எது இதற்கு மிக நெருக்கம்?' என்று ஒரு நிரலிடம் கேட்டால் அது எப்போதும் ஒரு விடை தரும். தரவுதளத்தில் ஆயிரம் பேர் இருந்தால் ஆயிரத்தில் ஒருவரைக் காட்டும். நீங்கள் தேடுகிற ஆள் அந்த ஆயிரத்தில் இல்லவே இல்லை என்றாலும் காட்டும். 'எனக்குத் தெரியாது, இவர் புது ஆள்' என்று அது தானாகச் சொல்லாது. அதைச் சொல்ல வைக்கத் தனியாக மெனக்கெட வேண்டும்.

பூஞ்சை வகைப்பாடும் இதே நிலைமைதான். நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலைக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. கோதுமையில் இந்த அளவு, இந்த நிறம், இந்த முள் என்றால் பட்டியலில் இருப்பது ஒரே பெயர். பட்டியலில் இல்லாததை அவர் எப்படிச் சொல்வார்?

4

அரிசோனாவுக்குப் பிறகு நாடு முழுக்கக் கோதுமை மாதிரிகளைச் சோதித்தார்கள். நோக்கம், மற்ற மாநிலங்களில் கர்னால் பண்ட் இல்லை என்று வாங்குகிற நாடுகளிடம் நிரூபிப்பது. இந்த வகைச் சோதனையின் செய்முறை ஒரு சமையல் குறிப்பு மாதிரி எளிமையானது. ஐம்பது கிராம் கோதுமையைத் துளி சோப்பு கலந்த தண்ணீரில் குலுக்க வேண்டும். கழுவிய தண்ணீரை முதலில் 53 மைக்ரான் வலையில் விட்டால் தூசு தும்பு மேலே நிற்கும். கீழே வருவதை 20 மைக்ரான் வலையில் விட்டால் வித்துகள் அதில் தங்கும். அதை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்ப்பது. மணி ஒன்றுகூடக் கருகியிருக்க வேண்டாம், எங்கோ ஒட்டியிருந்த ஒரு வித்தும் அகப்பட்டுவிடும்.

அகப்பட்டது. அலபாமா, ஜார்ஜியா, டென்னசி உள்ளிட்ட தென்கிழக்கு மாநிலங்களின் கோதுமையில் கர்னால் பண்ட் மாதிரியே வித்துகள். அரிசோனாவிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். இது உண்மை என்றால் நோய் நாடு முழுக்கப் பரவியாயிற்று, ஏற்றுமதி முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் ஒன்று உதைத்தது. அந்த வயல்களில் தேடித் தேடிப் பார்த்தும் கருகிய கோதுமை மணி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வித்து இருக்கிறது, நோய் இல்லை. கரி இருக்கிறது, நெருப்பைக் காணோம்.

நோய் இருந்தது பக்கத்தில், புல்லில். ரைகிராஸ் என்று ஒரு புல். அமெரிக்காவின் தென்பகுதியில் குளிர்காலத்தில் மாட்டுத் தீவனத்துக்கும் புல்வெளிக்கும் விதைப்பார்கள். அதன் விதையில் பெரும்பங்கு ஒரிகன் மாநிலத்தின் வில்லமட் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. கோதுமை வயலில் அது களை. அறுவடை இயந்திரம் கோதுமையோடு சேர்த்து அதையும் அள்ளிப் போடும். அந்தப் புல்லின் விதைகளில் சில கருகியிருந்தன. அதன் கரிதான் கோதுமை மேல் ஒட்டியிருந்தது.

சரி, புல்லில் இருப்பதும் கர்னால் பண்டாகவே இருந்தால்? கோதுமைப் பூஞ்சை புல்லில் ஒளிந்து வாழ்கிறது என்று ஒருவர் வாதாடலாம். அதுவும் பயப்பட வேண்டிய விஷயம்தான், ஏன், இன்னும் அதிகம் பயப்பட வேண்டியது. எனவே கேள்வி இப்போது கூர்மையானது: இரண்டும் ஒரே இனமா, இரண்டு இனமா?

நுண்ணோக்கி இதில் திணறியது. கோதுமைப் பூஞ்சையின் வித்து பொதுவாக 22 முதல் 47 மைக்ரான். புல் பூஞ்சையின் வித்து 23 முதல் 45. சராசரி எடுத்தால் முதலாவது முப்பத்தைந்துக்கு மேல், இரண்டாவது முப்பது, முப்பத்தொன்று. நூறு வித்து கையில் இருந்தால் சராசரி எடுக்கலாம். கழுவிய தண்ணீரில் கிடைப்பதோ ஒன்று, இரண்டு. 33 மைக்ரானில் ஒரே ஒரு வித்து கிடந்தால் அது எந்தப் பக்கம்? இது போதாதென்று நெல்லில் வரும் டில்லேஷியா ஹாரிடாவும் அதே அளவுகளில் வந்து குறுக்கே நிற்கும். நெல் ஏற்றிய லாரியிலோ கப்பலிலோ அடுத்து கோதுமை ஏற்றினால் போதும். மேற்புறத்து முகடுகளில் வித்தியாசம் உண்டு. புல் பூஞ்சையில் முகடுகள் தடிப்பாக, இடைவெளி விட்டு இருக்கும். பழகிய கண்ணுக்கு அது தெரியும். ஆனால் ஒரு நாட்டின் ஏற்றுமதியைப் பழகிய கண் ஒன்றின் மேல் நிறுத்த முடியுமா?

அதனால் டிஎன்ஏவிடம் போனார்கள்.

5

மரபணு அடையாளம் என்றால் என்னவோ பெரிய மர்மம் மாதிரி தோன்றும். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த பிசிஆர்தான் இங்கும் அடிப்படை. டிஎன்ஏ என்பது நான்கு எழுத்தில் எழுதப்பட்ட நீளமான உரை. அதில் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுப்பது பிசிஆர். எந்தப் பகுதி என்று சொல்வதற்கு அதன் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பொருந்துகிற இரண்டு சிறு துண்டுகளைப் போட வேண்டும். அவை பொருந்தினால் நகல் வரும். பொருந்தாவிட்டால் வராது.

முதலில் செய்தது கொஞ்சம் முரட்டு வழி. ரேப்பிட் என்று அதற்குப் பெயர். எந்தப் பகுதி என்றே தெரியாமல், ஏதோ பத்து எழுத்துச் சொல்லைப் போட்டு, உரையில் அது எங்கெல்லாம் பொருந்துகிறதோ அங்கெல்லாம் நகலெடுப்பது. வருகிற துண்டுகள் ஜெல்லில் கோடுகோடாக, பார்கோடு மாதிரி தெரியும். இரண்டு தனித்தனி நூல்களில் 'ஆனால்' என்ற சொல் எத்தனை பக்க இடைவெளிகளில் வருகிறது என்று பார்த்து, நூல் ஒன்றா வேறா என்று தீர்மானிப்பது போல. 1998இல் வெளியான பிமென்டெல், கேரிஸ் குழுவினரின் ஆய்வு இந்த வழியில் கோதுமை, நெல், புல் பூஞ்சைகளை ஒப்பிட்டது. புல்லிலிருந்து எடுத்தவை கோதுமையிலிருந்து எடுத்தவற்றோடு கலக்காமல் தனிக் கூட்டமாக நின்றன.

1999இல் லிசா காசில்பரியும் லோரி கேரிஸும் புல் பூஞ்சையைப் புதிய இனமாக முறைப்படி அறிவித்தார்கள். டில்லேஷியா வாக்கரி. பட்டியலில் ஒரு புது வரி. அந்த வரி சேர்ந்த பிறகுதான், தென்கிழக்கு மாநிலங்களில் கிடைத்த வித்து 'கர்னால் பண்ட் மாதிரி இருக்கிற ஏதோ ஒன்று' என்ற நிலையிலிருந்து 'இன்னது' என்ற நிலைக்கு வந்தது.

அடுத்து வேகமான சோதனை தேவைப்பட்டது. 2000இல் ரீட் ஃப்ரெடரிக் குழுவினர் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஒரு பகுதியை எடுத்து, இரண்டு இனங்களுக்கும் இடையில் மாறுகிற சில எழுத்துகளைக் கண்டுபிடித்து, அந்த எழுத்துகள் மேலேயே போய் உட்காருகிற பிசிஆர் துண்டுகளை உருவாக்கினார்கள். ஒரு ஜோடி இண்டிகாவுக்கு மட்டும் பொருந்தும், இன்னொரு ஜோடி வாக்கரிக்கு மட்டும். 2001இல் லெவி குழுவினர் ஐடிஎஸ் என்ற பகுதியைப் படித்தார்கள். பூஞ்சைகளை அடையாளம் காண உலகம் முழுக்கப் பயன்படுகிற பகுதி அது. பல நூறு எழுத்துகளில் சொற்ப எழுத்துகளே வித்தியாசம். ஆனால் அந்தச் சொற்பத்தில் ஓர் இடத்தில், ஒரு குறிப்பிட்ட நொதி ஓர் இனத்தின் டிஎன்ஏவை வெட்டும், மற்றதை வெட்டாமல் விடும். வெட்டினால் ஜெல்லில் கூடுதல் கோடு. வெட்டாவிட்டால் இல்லை. மைக்ரான் கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஆம், இல்லை என்று விடை.

இதிலும் ஒரு நடைமுறைச் சங்கடம் இருந்தது. ஒற்றை வித்தின் தடித்த சுவரை உடைத்து டிஎன்ஏ எடுப்பது லேசில்லை. அதனால் வித்தை முளைக்க வைத்து, வளர்ந்த பூஞ்சையிலிருந்து எடுப்பார்கள். முளைக்க ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். சில முளைக்கவே முளைக்காது. அதுவரை கோதுமை கப்பலில் காத்துக்கிடக்கும். ஆய்வகத்துத் தட்டில் ஒரு கறுப்புப் புள்ளி சோம்பல் முறிக்கிறதா என்று ஒருவர் தினமும் வந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் அமெரிக்க வேளாண் துறையும் தன் விதியை மாற்றிக்கொண்டது. வித்து கிடைத்தாலே குவாரண்டைன் என்பது போய், கருகிய கோதுமை மணி கிடைத்தால்தான் என்று ஆனது. என்னைக் கேட்டால், டிஎன்ஏ சோதனை அளவுக்கே இது முக்கியமான மாற்றம். நாம் பயப்படுவது நோய்க்கா, நோயின் நிழலுக்கா என்று தெளிவுபடுத்திக்கொண்டார்கள்.

6

இதுவரை படித்தவர்களுக்கு, 'சரிதான், டிஎன்ஏ வந்தது, குழப்பம் தீர்ந்தது' என்று தோன்றலாம். எனக்கும் கதையை அங்கே முடிக்க ஆசைதான். ஆனால் அதே காலத்தில் கனடாவில் நடந்த இன்னொரு ஆய்வு அதை அனுமதிக்கவில்லை.

பார்லி, ஓட்ஸ், கோதுமை ஆகியவற்றின் கரிப்பூட்டைகள் ஒரு காலத்தில் ஒரே பெயரில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டென்மார்க்கின் ஜென்சன் போன்றவர்கள், ஒரு தானியத்தின் கரி இன்னொரு தானியத்தைத் தொற்றுவதில்லை என்று காட்டி அவற்றைப் பிரித்தார்கள். பார்லிக்கு ஒன்று, ஓட்ஸுக்கு ஒன்று என்று பெயர்கள் பெருகின. வித்து மூடிய மணிக்குள் இருந்தால் ஒரு பெயர், காற்றில் பறந்தால் இன்னொரு பெயர். 20ஆம் நூற்றாண்டில் ஆய்வகத்தில் பார்த்தால், இந்த 'வெவ்வேறு இனங்களில்' சில ஒன்றோடொன்று கலந்து இனப்பெருக்கம் செய்தன. அப்படியென்றால் அவை இனங்களா, ஒரே இனத்தின் சாதிகளா?

2000இல் குஸ் பாக்கரன், க்ரான்ஸ்டாட், லெவெக் மூவரும் இவற்றை இரண்டு விதமான மரபணு அடையாளங்களால் அளந்தார்கள். ஐடிஎஸ் பகுதியைப் படித்தால், தானியக் கரிப்பூட்டைகள் பலவற்றுக்கு இடையே வித்தியாசமே கிட்டத்தட்ட இல்லை. கர்னால் பண்டில் கைகொடுத்த அதே பகுதி இங்கே கைவிரித்துவிட்டது. ஏஎஃப்எல்பி என்ற இன்னொரு முறை டிஎன்ஏ முழுவதையும் நொதியால் நறுக்கி அதில் நூற்றுக்கணக்கான துண்டுகளைப் பார்க்கும். அதில் வித்தியாசங்கள் தெரிந்தன. எந்த அளவுகோலை எடுத்தாயோ அந்த அளவுக்குத்தான் விடை. என் முருகன்கள் பிரச்சினை இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது.

டிஎன்ஏ வித்தியாசத்தின் அளவைச் சொல்லும். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் வேறு இனம் என்று அது சொல்லாது. அந்தக் கோட்டை மனிதர்கள்தான் போட வேண்டும். போடும்போது கலக்குமா, எந்தச் செடியில் வாழும், வயலில் என்ன செய்யும் என்று மற்ற எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாக்கரியைத் தனி இனம் என்று நம்ப வைத்தது சொற்ப எழுத்துகளின் வித்தியாசம் மட்டும் இல்லை. வித்தின் முகடுகள் வேறு, வாழும் செடி வேறு, அந்த வயல்களில் ஒரு கோதுமை மணிகூடக் கருகவில்லை. நான்கும் ஒரே பக்கம் கை காட்டின. ஒன்று மட்டும் காட்டியிருந்தால் இன்னும் வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

கோடு எங்கே விழுகிறது என்பதில் நாடுகளின் கையும் உண்டு. கோதுமையில் குட்டைப் பண்ட் என்று ஒன்று, டில்லேஷியா கான்ட்ரவர்சா. பெயரிலேயே சர்ச்சை. சாதாரணப் பண்ட் பூஞ்சையின் மிக நெருங்கிய உறவு. குளிரில், பனிக்கடியில் வாரக்கணக்கில் இருந்து மெதுவாக முளைப்பது அதன் வழக்கம். இதைக் காரணம் காட்டி 1970களிலிருந்து அமெரிக்காவின் வடமேற்குக் கோதுமையைச் சீனா தடுத்து வைத்திருந்தது. 1999இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் வழி திறந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பூஞ்சை மாறிவிடவில்லை. உலக வர்த்தக அமைப்புக்குள் நுழைய சீனா பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த காலம் அது.

7

கர்னால் பண்ட் கதைக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது.

கோதுமை ஏற்றுமதியை நம்பியிருக்கும் இன்னொரு நாடு அது. கர்னால் பண்ட் அங்கே இல்லை. ஆனால் அந்நாட்டுக் கோதுமையைக் கழுவிப் பார்த்தாலும் சந்தேகத்துக்குரிய கறுப்பு வித்துகள் வரும். 2005இல் பாஸ்கோ, ப்ரீஸ்ட், ஷிவாஸ், கன்னிங்டன் நால்வரும் அவை என்னவென்று எழுதினார்கள். எர்ஹார்ட்டா காலிசினா என்ற புல்லின் கரிப்பூட்டை, டில்லேஷியா எர்ஹார்ட்டே. அந்தப் புல்லே ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து பரவிய களை. அதன் வித்துகள் ஆஸ்திரேலியக் கோதுமையில் சர்வசாதாரணமாக ஒட்டியிருக்கின்றன என்றும், கர்னால் பண்ட் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு என்றும் அந்தக் கட்டுரை எச்சரித்தது.

அமெரிக்காவில் நடந்ததற்கும் இதற்கும் இருக்கிற வித்தியாசத்தைக் கவனியுங்கள். இங்கே அந்தப் பூஞ்சைக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. யாரோ ஒருவர் முன்பு, எந்த ஏற்றுமதியையும் மனதில் வைக்காமல், ஒரு களைப்புல்லின் கருகிய கதிரைப் பறித்துக் காகிதத்தில் மடித்து, விவரித்து, அலமாரியில் வைத்திருந்தார். தேவை வந்தபோது எடுத்துப் பார்க்க ஓர் உறை இருந்தது.

அப்படி மடித்து வைப்பவர்கள் உலகத்தில் குறைவு. கால்மன் வான்கி என்பவர் ஹங்கேரிய வம்சாவளி மருத்துவர், திரான்சில்வேனியாவில் பிறந்தவர். வாழ்நாள் முழுக்கக் கரிப்பூட்டைகளைச் சேகரித்தார். 2012இல் வந்த அவருடைய 'உலகின் கரிப்பூட்டைப் பூஞ்சைகள்' நூலில் ஏறக்குறைய 1,650 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு புல் குடும்பத்தில் வாழ்பவை. இந்தியாவில் முந்த்கூரும் திருமலாச்சாரும் 1952இல் இந்தியக் கரிப்பூட்டைகளுக்கு ஒரு நூல் எழுதினார்கள். வான்கி 2007இல் இன்னொன்று எழுதினார். இவ்வளவுதான் நம் பட்டியல். நெல், சோளம், கரும்பு என்று காசு வரும் பயிர்களின் கரியை நாம் நன்றாகவே படித்திருக்கிறோம். வரப்பில் முளைத்து, ஆடு மேய்ந்துவிட்டுப் போகிற புல்லின் கரியை யார் படிப்பது?

மரபணுச் சோதனைகள் இன்று மலிந்துவிட்டன. முழு மரபணுத் தொகுதியையே சில நாளில் படித்துவிடலாம். ஆனால் படித்த எழுத்துகளை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஒப்பிடுவதற்குப் பெயர் எழுதிய உறைக்குள் ஒரு மாதிரி வேண்டும், அதை எடுத்த இடமும் தேதியும் வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு துல்லியமான கருவியும், இருப்பவற்றில் மிக நெருக்கமானதைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்த நெருக்கமான பெயர் தற்செயலாக ஒரு தடைப்பட்டியலில் இருந்தால், விலை கொடுப்பவர் கோதுமை விதைத்தவர்.

அலபாமாவில் அந்த விலையைக் கொடுக்காமல் தப்பித்தார்கள். தப்பித்ததற்குக் காரணம், கோதுமையில் கரி கிடைத்தபோது சிலர் கோதுமையையே பார்த்துக்கொண்டிருக்காமல், குனிந்து பக்கத்தில் இருந்த புல்லையும் உரித்துப் பார்த்ததுதான்.